மனத்தாங்கல்

அண்ணன் அந்தப் பத்திரத்தை நீட்டியபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். 2022 பிப்ரவரி. அப்பா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கடலூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து அரியாங்குப்பத்தில் இறங்கி என் வீட்டுக்கு வந்திருந்தான். பிள்ளைகளுக்கு முறுக்குப் பொட்டலம், எனக்கு அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டுக்கும் அடியில் பிளாஸ்டிக் கவரில் மடிப்புக் கலையாத பத்திரம்.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. வீட்டு வரி, கரண்ட்டு, பட்டா எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திட்டா உனக்கும் அலைச்சல் இல்ல பாரு."

விடுதலைப் பத்திரம் என்பார்கள். கூடப் பிறந்தவள் தன் பங்கிலிருந்து விலகிக்கொண்டதாக எழுதித் தருவது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஊர் திரும்பிய பெண்கள் என் சொந்தத்திலேயே நான்கைந்து பேர் உண்டு. எங்களுடையது அப்பா தன் சம்பளத்தில் கட்டிய வீடு. உயில் எழுதி வைக்கவில்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் சம பங்கு. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நான் சிரித்தேன். "அவர் வரட்டும்ணே, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். என் கணவரிடம் கேட்க அதில் ஒன்றுமே இல்லை. வாயில் அதுதான் வந்தது. அண்ணன் நான்கு தோசை சாப்பிட்டான். பிள்ளைகள் படிப்பைப் பற்றி, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். செருப்பு மாட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். "நைட் டியூட்டி, அதான்" என்றேன்.

அன்றைக்குப் பேசாததை நான்கு மாதம் கழித்து அவன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் பேசினேன். சீர்த் தட்டு வரிசையில் அத்தை கொண்டுவந்த தட்டை எங்கே வைப்பது என்று ஏதோ ஒரு சின்னப் பேச்சு. அவ்வளவுதான். அண்ணியின் பிறந்த வீட்டார் அத்தனை பேர் முன்னால், "அப்பா வீட்டை மொத்தமா எழுதி வாங்கப் பார்த்தவன்தானே நீ" என்று அண்ணனைக் கேட்டேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவளுடைய நாளை நான் கெடுத்தேன்.

அதன் பிறகு இரண்டரை வருடம் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தொழில். நான் நர்ஸ். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 19 வருடமாக வேலை. இப்போது வார்டு இன்சார்ஜ். கத்திக்கொண்டு வருகிறவர்களை எதிர்கொள்வது என் வேலையில் பாதி. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இளம் நர்ஸ்கள் யாரிடமாவது நோயாளியோடு வந்தவர் சண்டைக்கு வந்தால், "இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடு" என்பார்கள். அப்படிப்பட்டவள் எப்படி ஒரு குழந்தையின் விசேஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்ற கேள்வி என்னை வெகு காலம் தூங்கவிடவில்லை.

வார்டில் நடப்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். பாகூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், நாற்பது வயதுக்காரர், நர்ஸ் மேஜையை ஓங்கித் தட்டினார். ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து எவ்வளவு நேரமாகிறது, எங்களையெல்லாம் மனுஷனாகவே மதிக்க மாட்டீர்களா என்று சத்தம். நான் எழுந்து போனேன். அவர் என்னிடம்தான் கத்தினார். ஆனால் அவருடைய கண் என் மேல் இல்லை. அவருடைய அம்மா படுத்திருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கசங்கிப் போயிருந்தது. முதலில் பாட்டிலை மாற்றினேன். "லேட் ஆனது எங்க தப்புதான் சார்" என்று சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. அப்புறம், "டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று மட்டும் கேட்டேன். "என்னமோ கட்டின்னு சொல்றாங்க சிஸ்டர்" என்றவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்கு இருந்தது பயம். வெளியே வந்தபோது கோபமாக வந்தது. மேஜையைத் தட்டுகிறவரிடம் நான் தேடுவது அந்த உள்ளே இருக்கிற ஒன்றைத்தான். எல்லா நேரமும் இது பலிக்காது. கை ஓங்கியவரிடம் மனதைப் படித்துக்கொண்டு நிற்கக் கூடாது, செக்யூரிட்டியைக் கூப்பிட வேண்டும். இருந்தாலும் பத்தில் ஏழெட்டு சண்டைகளை இந்த ஒரு தேடல் தணித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு உணர்வு நுண்ணறிவு என்று பெயர் இருப்பதே ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்தால் அது உலகம் முழுக்கப் பரவியது. சாலவேயும் மேயரும் 1997-இல் இதை நான்கு திறமைகளாகப் பிரித்தார்கள். தன்னிடமும் பிறரிடமும் இருக்கிற உணர்வை அடையாளம் காண்பது முதலாவது. அதை யோசிப்பதற்குப் பயன்படுத்துவது இரண்டாவது. அது எங்கிருந்து வருகிறது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது மூன்றாவது. அதைக் கையாள்வது நான்காவது.

பயிற்சி கொடுக்க வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் முதல் மூன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நாள் முழுக்க நான்காவதிலேயே நின்றார். மூச்சை இழுத்து விடுங்கள், பத்து எண்ணுங்கள், புன்னகை செய்யுங்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. காய்ச்சல் என்றதும் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு எதனால் காய்ச்சல் என்று பார்க்காமல் விடுவதற்கு இது சமம். டைஃபாய்டா, டெங்குவா, சிறுநீர்த் தொற்றா என்று தெரியாமல் சூட்டை மட்டும் இறக்கினால் நோயாளி இரண்டு நாளில் மோசமாகத் திரும்பி வருவார். நான் அண்ணனிடம் செய்ததும் அதுதான். என்ன உணர்வு என்று தெரியாமலேயே அதை அடக்கினேன். நான்கு மாதத்தில் மோசமாகத் திரும்பி வந்தது.

பாகூர்க்காரரின் பயத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்த எனக்கு என்னுடையதைக் கண்டுபிடிக்க ஏன் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது? வார்டில் அடி என் மேல் விழுவதில்லை என்பது ஒரு காரணம். அவர் கத்துவது யூனிஃபார்மைப் பார்த்து. எட்டு மணிக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணனுடைய பேச்சு நேராக எனக்குள் இருக்கிற ஏழு வயதுப் பெண்ணிடம் போய் விழுகிறது. சைக்கிள் பின்னால் என்னை உட்கார வைத்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனவன் அவன். அடுத்தவர் உணர்வைப் படிப்பதும் தன் உணர்வைப் படிப்பதும் ஒரே திறமை என்று நினைத்திருந்தேன். அவை இரண்டு வேறு திறமைகள். முதலாவதை எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை அம்மா கற்றுக்கொடுத்தாள்.

2023-இல் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் என் வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிப் படுத்தபடியே, "அவன் மேல உனக்கு இன்னும் கோவமாடி?" என்று கேட்டாள்.

"ஆமா, கோவம்தான்."

"கோவம்னா இன்னிக்கு வந்து நாளைக்குப் போயிடும். உனக்கு இருக்கிறது கோவம் இல்ல. மனத்தாங்கல்."

மருந்து பாட்டிலை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஒரு வருடத்துக்கு மேலாக மாட்டாத சாவி மாட்டியது போல இருந்தது.

மனத்தாங்கல் வேண்டியவர்களிடம் மட்டுமே வரும். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் கோபம் வரலாம், மனத்தாங்கல் வராது. அவரிடம் நமக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. இவன் என்னைக் கேட்டிருக்க வேண்டாமா, இவனுக்குத் தெரியாதா என் மனசு என்று யாரைப் பற்றித் தோன்றுகிறதோ அவரிடம்தான் அது வரும். அந்தச் சொல்லுக்குள்ளேயே உறவு இருக்கிறது.

அன்றிலிருந்து நான் தமிழில் கோபத்துக்கு இருக்கிற சொற்களையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். எரிச்சல் என்பது பெரும்பாலும் உடம்போடு சேர்ந்தது: பசி, தூக்கமின்மை, சித்திரை வெயில். எனக்கு நைட் டியூட்டிக்கு மறுநாள் வருவதெல்லாம் எரிச்சல்தான், படுத்து எழுந்தால் போய்விடும். ஆத்திரம் அப்படி இல்லை, இந்த நிமிடமே ஏதாவது செய்துவிடத் துடிக்கும். அதனால்தான் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னார்கள். ரோஷம் தன்மானத்தில் அடி விழுந்தால் வருவது. அதற்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். காசோ காரணமோ அதை ஆற்றாது. பொருமல் வெளியே வராமல் உள்ளேயே கிடந்து ஊதுவது. வீம்பு காரணம் மறந்துபோன பின்னும் காலை ஊன்றி நிற்பது. கடுப்பு என்று என் மகன் ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்கிறான். அவனை உட்கார வைத்துக் கேட்டால் சில நாள் அது சலிப்பு, சில நாள் பரீட்சை பயம்.

ஒவ்வொன்றும் கேட்கிற மருந்து வேறு. எரிச்சலில் இருக்கிறவரிடம் நியாயம் பேசினால் சண்டை பெருகும். அவருக்கு ஒரு டம்ளர் மோர் போதும். ரோஷத்தில் இருக்கிறவருக்கு மோர் கொடுத்தால் அவமானப்படுவார். எல்லாவற்றையும் கோபம் என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால் எந்த மருந்தும் சரியாக விழாது.

இதை என் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியையிடம் சொன்னேன். அவர் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்வு, எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்குச் சொன்னவை உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அலைத்துத் துன்புறுத்துவது, கொலை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கொடுமைகள். ஒருவர் நம்மை எளியவராக நினைத்ததால் வரும் இளிவும், வேண்டியவரை இழந்த இழவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை அழுகைக்குச் சொன்ன நான்கில் இருக்கின்றன.

அப்பா போன இழவு. கையெழுத்துப் போடுகிற கையாக மட்டும் பார்க்கப்பட்ட இளிவு. இரண்டும் சேர்ந்த அந்த பிப்ரவரிக் காலையில் நான் அழுதிருக்க வேண்டும். அண்ணன் முன்னாலேயே, தோசைக்கரண்டியோடு நின்று அழுதிருக்க வேண்டும். அழாமல் விட்டது மஞ்சள் நீராட்டு மண்டபத்தில் வெகுளியாக வந்தது.

உணர்வுக்குச் சரியான பெயர் வைப்பதால் உடம்புக்குள்ளேயே மாற்றம் நடப்பதாக ஆய்வு இருக்கிறது. 2007-இல் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் கோபமான, பயந்த முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த முகத்தில் இருக்கிற உணர்வுக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஆபத்து என்றதும் முதலில் துடிக்கிற அமிக்டலா என்ற சிறு பகுதியின் வேகம் குறைந்தது. நெற்றிப் பக்கத்து மூளையில் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அம்மா சொன்ன ஒற்றைச் சொல் என்னைத் தணித்தது எப்படி என்று யோசிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

அடக்கி வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெண்களுக்கு இதைத்தான் பொறுமை என்று சொல்லி வளர்க்கிறார்கள். எமிலி பட்லர், ஜேம்ஸ் கிராஸ் முதலான உளவியலாளர்கள் 2003-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, மனதைக் கலக்குகிற ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், உங்கள் உணர்வை முகத்தில் காட்டாதீர்கள் என்று சொல்லி வைத்தார்கள். எதிரே இருந்தவருக்கு அது தெரியாது. ஆனால் எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தம் ஏறியது. தினமும் ஐம்பது பேருக்கு பிபி பார்க்கிற எனக்கு இது வெறும் ஆய்வாகத் தோன்றவில்லை. செருப்பு மாட்டும்போது அண்ணன் திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டானே, அதுதான் இது. நான் சிரித்த சிரிப்பு அவனுக்குச் சரியாகப் படவில்லை. ஏதோ கோணலாக இருப்பது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

அதனால் உணர்வு நுண்ணறிவு என்றால் அனுசரித்துப் போவது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சண்டையில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இருவர் 1974-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். தன் பக்கத்தை விடாமல் பிடிப்பது, இருவருக்கும் ஒத்துவரும் வழியைச் சேர்ந்து தேடுவது, ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வருவது, ஒதுங்கிக்கொள்வது, விட்டுக்கொடுப்பது. ஐந்துக்குமே இடமும் நேரமும் உண்டு என்பதுதான் அவர்கள் சொன்னது. நம் வீடுகளில் ஆணுக்கு முதலாவதும் பெண்ணுக்குக் கடைசி இரண்டும் என்று பிறக்கும்போதே எழுதிவிடுகிறோம். நான் அந்தக் கடைசி இரண்டை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். அது முடியாமல் போனதும் ஒரே தாவலில் முதலாவதுக்குப் போய்விட்டேன். நடுவில் இரண்டு இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

சரி, அண்ணனிடம் எப்படிப் பேசினேன் என்பதற்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்துவிட்டது. எங்கள் அப்பா வீடு கடலூருக்கு வடக்கே உப்பலவாடிப் பக்கம், ஆற்றுக்கு ரொம்பக் கிட்டே. அம்மாவின் நம்பருக்குப் போட்டேன். எடுத்தது அண்ணன்.

"அம்மாவ மொட்டை மாடிக்கு ஏத்திட்டேன். தார்ப்பாய் கட்டியிருக்கு. நீ பயப்படாத."

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு. நீ பயப்படாத. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே என் பயம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர், துடைப்பம், இரண்டு பழைய வாளியோடு போனேன். கூடத்தில் கணுக்கால் சேறு. அப்பாவின் மர அலமாரி உப்பிப் போயிருந்தது. காலையிலிருந்து மூன்று மணி வரை சேறு அள்ளினோம். பேசியதெல்லாம் வாளி, தண்ணீர், அந்தப் பக்கம் தள்ளு என்பதுதான். ஒன்றாகக் கையால் வேலை செய்தது நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. வாசற்படியில் அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு மண்டபத்துல நான் பேசினது தப்பு. பாப்பா விசேஷத்துல அப்படிப் பேசியிருக்கவே கூடாது."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா அந்தப் பத்திரத்தை நீட்டினப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"எனக்கு மனத்தாங்கல்ணே. அப்பா போயி நாலு மாசம். நானும் அப்பா பொண்ணுதானே? உனக்கு என்ன வேணும்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. கையெழுத்து மட்டும் போதும்ங்கற மாதிரி இருந்துச்சு."

மண்வெட்டியைக் கீழே போட்டான். "என்னை யாரு கேட்டா? தானே புயல் அடிச்சப்ப என்னை யாரு கேட்டா?" குரல் தெரு முனை வரை கேட்டிருக்கும். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கழுத்தில் நாடி அடிப்பது காதில் கேட்டது. எண்ணத் தேவையில்லை, நூறைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

இந்த நூறு என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. கணவன் மனைவி சண்டைகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜான் காட்மன், நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது என்கிறார். ஒரு சோதனையில், சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிகளிடம் கருவியைச் சரி செய்ய வேண்டும் என்று சொல்லி நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். துடிப்பு இறங்கிய பிறகு அதே விஷயத்தை அதே இருவரும் வேறு மாதிரி பேசினார்கள். உடம்பு ஆற இருபது நிமிடமாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. வார்டில் நாங்கள் 100-க்கு மேல் போனால் டேக்கிகார்டியா என்று எழுதி டாக்டருக்குச் சொல்வோம். வீட்டில் அதே துடிப்போடு குடும்பச் சொத்தைப் பேசி முடிக்கப் பார்க்கிறோம்.

"அண்ணே, நீ சொல்றத நான் முழுசாக் கேக்கணும். இப்ப எனக்குப் படபடன்னு வருது. டீ போட்டு எடுத்துட்டு வரேன். குடிச்சுட்டுச் சொல்லு, நான் எங்கயும் போகல" என்றேன்.

கடைசி மூன்று சொற்களை யோசித்துத்தான் சொன்னேன். அப்பா கோபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்; எப்போது திரும்புவார் என்று தெரியாமல் நாங்கள் மூவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம். நடுவில் நிறுத்துவது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. நிறுத்துகிறவர் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லியாக வேண்டும்.

கேஸ் அடுப்பு ஈரத்தில் பற்றவே நேரமானது. அதுவும் நல்லதுக்குத்தான். டீயைக் குடித்துவிட்டு அவன் மெதுவாகப் பேசினான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீட்டு சிமெண்ட் ஷீட் மொத்தமும் பறந்துவிட்டது. கரண்ட் வர வாரக் கணக்கானது. அப்பாவுக்கு அப்போதே ஆஸ்துமா. நான் புதுச்சேரியில் ஐந்து நாள் மருத்துவமனையை விட்டு வெளியே வர முடியாத டியூட்டி. போன் லைன் கிடைத்ததும், "எல்லாம் சரியாண்ணே?" என்று கேட்டேன். "சரிதான்" என்றான். நான் நம்பிவிட்டேன். தோசை வார்த்தபடி நான் சிரித்து மறைத்தது போலத்தான் அவனும் அன்றைக்கு மறைத்திருக்கிறான் என்பது எனக்கு 13 வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஷீட்டுக்குப் பதில் காங்கிரீட் தளம் போட்டான். கடன் வாங்கினான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அண்ணியின் ஆரமும் இரண்டு வளையலும் அடகுக்குப் போனதும், வளையல் திரும்பி வந்து ஆரம் ஏலத்தில் போனதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "உன்கிட்ட கேக்கத் தோணல. கட்டிக் கொடுத்த பொண்ணுகிட்ட எப்படிக் கேக்கறது? அப்புறம் அத்தனை பேர் முன்னாடி திருடன்னு சொல்லிட்ட" என்றான். திருடன் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் அவன் காதில் அதுதான் விழுந்திருக்கிறது, விழுந்ததும் நியாயம்தான்.

அவனுக்கு இருந்தது பேராசை என்று இரண்டரை வருடம் நினைத்திருந்தேன். ரோஷம் அது. தனியாகச் சுமந்ததை யாரும் பார்க்கவில்லை என்ற வருத்தமும் அதில் இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் தங்கையிடம் பத்திரத்தை நீட்டக் கூடாது. அவன் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன், ஆனால் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்குப் பங்கு வேணும்ணே. நீ போட்ட தளத்துக்கும் கணக்குப் பார்ப்போம்" என்றேன். அன்றைக்கு அவனால் தலையாட்ட முடிந்தது. 2022-இல் நான் இதையே சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். அம்மா இருக்கிற வரைக்கும் வீடு அம்மாவுடையது. தளம் போட்ட செலவு அவன் பக்கத்தில் சேர்ந்தது. கொல்லைப் பக்கத்து இடம் என் பெயரில் வந்தது. வீட்டோடு பார்த்தால் மதிப்பு கொஞ்சம் குறைவுதான், அதற்கு நான் தெரிந்தே சம்மதித்தேன். விடுதலைப் பத்திரம் கிழிந்து, பாகப் பிரிவினைப் பத்திரம் பதிவானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு மூன்று பேரும் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம்.

இடையில் இரண்டு தரம் மறுபடியும் சண்டை வந்தது. ஒரு தரம் அவன் "டீ போடு" என்றான்.

அண்ணி மட்டும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. போனால் சாப்பாடு போடுகிறார், குறையே வைப்பதில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் இதை வீம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்தேன். வெள்ளத்தில் என் அம்மா ஏறி நின்ற அந்த மொட்டை மாடி யாருடைய ஆரத்தில் கட்டியது என்று அப்போதுதான் யோசித்தேன். பங்கு பிரித்தோம், தளத்துக்குக் கணக்குப் பார்த்தோம், அண்ணன் பெயரில் வரவு வைத்தோம். அந்த நகையைப் பற்றி அண்ணியிடம் எங்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வரும் ஞாயிறு எனக்கு ஆஃப். அண்ணன் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போகப் போகிறேன். அந்த ஆரம் எப்படி இருந்தது அண்ணி என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.